‘அப்பாவுக்கு’ என்று சொன்னாலும் தராத கடை

பர்மாவில், யாங்கோன் நகரின் தாக்கேட்டா பக்கம் குடியிருக்கிற தமிழ் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். புதிதாக வீடு மாறி வருபவர்கள் மளிகைக்கு எந்தக் கடை நல்ல கடை என்று என்னிடம் கேட்டால் நான் கைகாட்டுவது பெரியம்மா கடையைத்தான். பலகையில் அப்படி எழுதியிருக்காது, பலகையே கிடையாது. எங்கள் தெருமுனையில் டிரான்ஸ்பார்மர் கம்பத்துக்கு எதிரே, தகரக் கூரை இறக்கிய முன்கட்டு, வாசலில் ஒரு நீள பெஞ்சு. அதுதான் அடையாளம். கடையை நடத்துகிற அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். என் வயதுக்காரர்கள் அக்கா என்போம். தமிழ்ப் பிள்ளைகள் பெரியம்மா என்பார்கள், பர்மாக்காரப் பிள்ளைகள் ஜீடோ என்பார்கள். இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றுதான்.

முதலில் சரக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உளுந்துக்காகவே இந்தக் கடைக்குப் போகலாம். இந்த நாட்டு உளுந்து கப்பல் கப்பலாக இந்தியாவுக்குப் போகிறது. நல்ல மணியெல்லாம் அப்படிப் போய்விட, தெருக்கடைகளில் நமக்குக் கிடைப்பது பாதி நேரம் சொத்தையும் கல்லும்தான். அக்கா மூட்டை வந்ததும் முறத்தில் புடைத்து, கல் பொறுக்கி, அப்புறம்தான் டப்பாவில் கொட்டுவார். அரைத்தால் பந்து மாதிரி பொங்கி வரும். கால் வீசை வாங்கினால் எங்கள் வீட்டில் ஐந்து பேருக்கு இரண்டு நாள் மாவு. நல்லெண்ணெய் மக்வே பக்கத்துச் செக்கில் ஆட்டியது, மூடியைத் திறந்தாலே தெரியும். துவரம்பருப்பு சுமார், வேக நேரமாகும். மசாலாப் பொடி மட்டும் வாங்காதீர்கள், இங்கே அதிகம் ஓடாததால் பழசாகிவிடுகிறது.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது உளுந்துக்காக இல்லை. இந்தக் கடையில் உதிரி சிகரெட் கிடைக்காது. யார் கேட்டாலும் கிடைக்காது. அதனால் என் வீட்டில் என்ன நடந்தது என்பதைச் சொல்லத்தான் இத்தனையும்.

கல்லாப் பெட்டிக்கு மேலே ஒரு ஆணி இருக்கிறது. முன்பு அதில் நூல் கட்டி ஒரு லைட்டர் தொங்கும். நம் ஊரில் எந்தக் கடையிலும் அப்படித்தானே. ஒரு சிகரெட் வாங்கி, அங்கேயே பற்ற வைத்துக்கொண்டு, காசை வைத்துவிட்டுப் போவது. நான் பாக்கெட்டாக வாங்கிய நாட்கள் குறைவு. சம்பளத்தன்று வாங்குவேன், மற்ற நாட்களில் காலையில் இரண்டு, மாலையில் இரண்டு, ராத்திரி சாப்பிட்டபின் ஒன்று. அந்த ராத்திரி ஒன்றுக்கு என் சின்ன மகனை அனுப்புவேன். அவனுக்கு அப்போது 12 வயது. கையில் 500 கியாட் தாளைக் கொடுத்து, ஒன்று வாங்கிக்கொண்டு மீதியில் எதையாவது வாங்கித் தின்னுடா என்பேன். அவன் சந்தோஷமாக ஓடுவான்.

போன வருடம் ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த வாரம், அனுப்பிய பிள்ளை வெறுங்கையோடு திரும்பி வந்தான். “பெரியம்மா தர மாட்டேங்குறாங்கப்பா” என்றான். எனக்குக் கோபம் வந்தது. நானே போனேன்.

“என்னக்கா, எனக்குத்தானே வாங்க அனுப்புனேன்?”

“உனக்குன்னு தெரியும் தம்பி. வேணும்னா நீயே வா. பள்ளிக்கூடத்துப் பச்சை லுங்கியோட வர்ற பிள்ளை கையில நான் இனிமே அதைக் குடுக்க மாட்டேன்.”

“நான் வந்தா குடுப்பீங்கல்ல?”

“பாக்கெட்டா வாங்கிக்க. ஒண்ணு ரெண்டுன்னு யாருக்கும் இல்ல.”

ஆணியைப் பார்த்தேன். நூல் மட்டும் தொங்கியது. இருபது வருடப் பழக்கமுள்ள கடை. என்னை நாலு பேர் முன்னால் திருப்பி அனுப்பியது மாதிரி இருந்தது எனக்கு. அன்றிலிருந்து ஒரு தவறு செய்தேன். பையனைப் பள்ளிக்கூடத்துப் பக்கம் இருக்கிற ஒரு வெற்றிலைக் கடைக்கு அனுப்ப ஆரம்பித்தேன். அந்தக் கடையின் பெயர் வேண்டாம். அது மாதிரி தெருவுக்குத் தெரு இருக்கிறது. காலில் நிற்கிற மரப்பெட்டி, மேலே கண்ணாடி, பக்கத்தில் சுண்ணாம்புக் கிண்ணம், ஈரத்துணி போர்த்திய வெற்றிலை. கண்ணாடித் தம்ளரில் உதிரி சிகரெட்டுகள் நின்றுகொண்டிருக்கும். அதற்கு ஒட்டினாற்போல புதினா மிட்டாய் ஜாடி. அங்கேயும் லைட்டர் தொங்குகிறது. பின்னாளில் ஒருநாள் போய் நின்று பார்த்தேன். அந்த லைட்டர் தொங்கும் உயரம் சரியாக என் மகனின் நெஞ்சு உயரம்.

ஆகஸ்ட் மாதம், விடாத மழை. துவைத்த துணி எதுவும் காயவில்லை. என் மனைவி பள்ளிக்கூட லுங்கியை அடுப்புப் பக்கமாகக் கொடியில் போடும்போது இடுப்பு மடிப்புக்குக் கீழே ஒரு ஓட்டையைப் பார்த்தாள். மிளகு அளவுதான். சுற்றி விளிம்பு பழுப்பாகச் சுருங்கி, தொட்டால் விரலில் கரகரத்தது. செயற்கை நூல் கலந்த துணி, நெருப்புப் பட்டால் அப்படித்தான் உருகும். அவள் ஒன்றும் பேசாமல் அதை என் மடியில் போட்டாள். என் சட்டைகளிலும் அதே மாதிரி ஓட்டைகள் இருப்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

அன்று ராத்திரி மின்சாரம் இல்லை. பையனை மாடிப்படியில் உட்கார வைத்துப் பேசினேன். அடிக்கவில்லை. அடிக்கிற யோக்கியதை எனக்கு இல்லை என்பது தெரிந்திருந்தது. இருட்டாக இருந்ததும் நல்லதாகப் போயிற்று, முகம் தெரியாததால் அவன் பேசினான்.

பள்ளிக்கூடம் விட்டு ட்யூஷன் தொடங்க முக்கால் மணி நேரம் இருக்கிறது. வீட்டுக்கு வந்து திரும்பினால் நேரம் போதாது. ட்யூஷன் வாசலில் நின்றால் சார் திட்டுவார். டீக்கடையில் உட்கார்ந்தால் எதையாவது வாங்க வேண்டும். வெற்றிலைக் கடைக்குப் பக்கத்தில் ஒரு சந்து, அதில் நின்றால் யாரும் விரட்ட மாட்டார்கள். அங்கே பத்தாம் வகுப்புப் பையன்கள் நான்கு பேர் நிற்பார்கள். இவன் எட்டாம் வகுப்பு. முதல் வாரம் அவர்கள் இவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம்.

“அப்புறம் எப்படிடா சேத்துக்கிட்டாங்க?”

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னான். “அவங்க கேட்டா கடைக்காரர் சில நாள் தர மாட்டார்ப்பா. போங்கடான்னுடுவார். நான் கேட்டா தருவார். நான் எப்பவும் உங்களுக்கு வாங்குறவன்தானே. அப்பாவுக்குன்னு சொன்னா குடுத்துருவார்.”

அந்த இடத்தில் எனக்கு மூச்சு நின்றது. என் மகனை அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிட்டவன் நான். நான் தினம் ராத்திரி கையில் காசு கொடுத்து அனுப்பியதுதான் அவனுக்கு அங்கே மரியாதை வாங்கிக் கொடுத்திருக்கிறது. ‘அப்பாவுக்கு’ என்கிற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு, பெரிய பையன்களால் முடியாததை இந்தச் சின்னப் பையன் செய்திருக்கிறான். அவர்கள் தோளில் கைபோட்டு வா என்றிருக்கிறார்கள். 13 வயதில் ஒரு பையனுக்கு அதைவிடப் பெரிய சன்மானம் எது? வாங்கிக் கொடுத்தவனுக்கு இரண்டு இழுப்பு கூலி. ஒரு சிகரெட் ஐந்து பேருக்கு. ஆளுக்கு 40 கியாட் போட்டால் ஒன்று வந்துவிடும். மிட்டாய்க் காசு.

“நல்லா இருந்துச்சா?” என்று கேட்டேன்.

“இல்லப்பா. மொத தடவ வாந்தி வந்துச்சு. தல சுத்துச்சு. அவங்க சிரிச்சாங்க. ரெண்டாவது தடவ சிரிக்கல.”

அப்புறம் நசுக்கினால் புதினா வாசம் வருகிற உருண்டை வைத்த சிகரெட்டுக்கு மாறியிருக்கிறார்கள். அது தொண்டையை எரிக்காதாம். எரியாமல் இருப்பதற்குக் காரணம் புகை சாதுவாகிவிட்டது என்பதல்ல. மென்தால் குளிர்ச்சியாக இருப்பதுபோல் நரம்புக்குக் காட்டுகிறது, அவ்வளவுதான். இருமல் தடுத்து நிறுத்தியிருக்க வேண்டிய பிள்ளை, தடை இல்லாமல் ஆழமாக இழுக்கிறான். வாயில் நாற்றம் தெரியாது, மூச்சில் மிட்டாய் வாசம். இரண்டு மாதம் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட பிள்ளையிடம் நான் எதையும் கண்டுபிடிக்காததற்கு அது பாதிக் காரணம். என் மேலேயே அந்த நாற்றம் எப்போதும் இருந்தது மீதிப் பாதி.

என் கதையும் வேறு மாதிரி இல்லை. நான் பிறந்தது பெகுவில். அப்பத்தா பர்மாச் சுருட்டு குடிப்பார். பெருவிரல் தடிமனில், தனப்பெட் இலையில் சுற்றி, வாய் வைக்கும் முனையில் சோளத்தட்டை திணித்தது. பொறி பறந்து சேலையில் விழாமல் இருக்க ஒரு தகர டப்பாவைக் கீழே பிடித்துக்கொள்வார். சுருட்டு என்கிற நம் சொல்லைத்தான் வெள்ளைக்காரர்கள் செரூட் ஆக்கிக்கொண்டார்கள். அந்த அளவுக்கு இது நம் வீட்டுப் பொருள். முனீஸ்வரனுக்குப் படைக்கிறோம். துக்க வீட்டில் தட்டில் வைக்கிறோம். அப்பத்தா எழுந்திருக்க முடியாமல் போனபின், “அடுப்புல பத்த வச்சுட்டு வா ராசா” என்பார். சுருட்டை இழுக்காமல் பற்ற வைக்க முடியாது. எனக்கு ஒன்பது வயதோ பத்து வயதோ. அதைப் புகை பிடித்ததாக வீட்டில் யாரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

சிகரெட் 13 வயதில். பக்கத்து வீட்டு வீடியோவில் ரஜினி சிகரெட்டைத் தூக்கிப் போட்டு வாயில் பிடிப்பார். ரயில்வே லைன் ஓரத்தில் நாங்கள் ஆறு பேர் அதைச் செய்து பார்த்தோம். முதலில் பற்ற வைக்காமல்தான். பிடித்துவிட்டால் கை தட்டுவார்கள். எத்தனை நாள்தான் பற்ற வைக்காமல் இருப்பது? ஒருநாள் ஒருவன் தீப்பெட்டி கொண்டு வந்தான். எனக்கும் முதல் நாள் குமட்டல்தான். இப்போது யோசித்தால், எங்கள் ஆறு பேரில் ஒருவருக்குக்கூட முதல் சிகரெட் பிடித்திருக்க முடியாது என்று தோன்றுகிறது. பிடித்தது அந்த லைன் ஓரம், அந்த ஆறு பேர், வீட்டுக்குத் தெரியாத ஒன்று நமக்கு இருக்கிறது என்கிற நினைப்பு. அதற்காகக் குமட்டலைப் பொறுத்துக்கொண்டோம். பொறுத்துக்கொண்ட சில மாதங்களுக்குள் புகையிலை தன் வேலையைச் செய்துவிட்டது. அப்புறம் லைன் ஓரம் தேவையில்லை, ஆறு பேரும் தேவையில்லை, தனியாகவே கை தேடியது.

இழுத்த பத்து இருபது நொடிகளுக்குள் நிகோட்டின் மூளைக்குப் போய்விடுகிறது. மூளை வளர்ந்து முடிய 25 வயது வரை ஆகும் என்கிறார்கள் மருத்துவர்கள். வளர்ந்துகொண்டிருக்கிற மூளை எதையும் சீக்கிரம் கற்றுக்கொள்ளும், இதையும் அப்படியே கற்றுக்கொள்கிறது. தினமும் பிடிக்காத பிள்ளைக்குக்கூட, எப்போதாவது ஒன்று என்று இருக்கும்போதே ஏக்கம் தொடங்கிவிடும். அமெரிக்க அரசின் சர்ஜன் ஜெனரல் 2012இல் வெளியிட்ட அறிக்கை ஒன்று உண்டு. அந்த நாட்டில் தினமும் புகை பிடிக்கிற பெரியவர்களில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேர் முதல் சிகரெட்டைத் தொட்டது 18 வயதுக்குள் என்கிறது அது. என் மகள் போனில் காட்டினாள். பெகு லைன் ஓரத்து ஆறு பேரையும் எண்ணிப் பார்த்தேன். நாலு பேர் இன்றும் விடவில்லை. ஒருவர் இல்லை. நான் ஆறாவது.

சரி, கடைக்கு வருகிறேன். பையனிடம் பேசிய மறுநாள் காலை கடை திறந்ததும் போய் நின்றேன். ஜூனிலிருந்து அந்த வாசலை மிதிக்காதவன். அக்கா எதுவும் கேட்கவில்லை. நானே சொன்னேன், எல்லாவற்றையும். கேட்டுவிட்டு, தானும் ஒன்று சொன்னார்.

“ஒருநாள் மத்தியானம் மூணு பசங்க வந்தாங்க தம்பி. மூணு பேரும் சேந்து காசு போட்டு 200 கியாட் கொண்டாந்து, ஒண்ணு குடுங்க ஜீடோன்னாங்க. நடுவுல நின்னவன் கன்னத்துல காலைல அவங்கம்மா பூசிவிட்ட தனாக்காச் சாந்து அப்படியே இருக்கு. நானும் குடுத்துட்டேன். அவன் நம்ம லைட்டர்லதான் பத்த வச்சான். ஒரு கண்ண மூடிக்கிட்டு பத்த வச்சான், பெரிய ஆளு மாதிரி. ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. மறுநாள் லைட்டர அறுத்துட்டேன்.”

அப்படி அறுத்ததில் அவருக்கு எவ்வளவு நட்டம் என்பதை நான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் சொல்ல மாட்டார். பாக்கெட்டாக விற்பதைவிட உதிரியாக விற்றால்தான் கடைக்காரருக்கு லாபம். அதோடு, உதிரி வாங்க வருகிறவன் ஒரு நாளைக்கு நாலைந்து முறை வருவான். வந்தால் காபிப்பொடிப் பாக்கெட்டோ சோப்போ வாங்கிக்கொண்டு போவான். அந்த நடமாட்டமே போய்விட்டது. முதல் இரண்டு மாதம் கல்லாவில் பாதிதான் விழுந்தது என்று அவர் மருமகள் என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள். நான் உட்பட எத்தனையோ பேர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனோம்.

சட்டத்தைப் பார்த்தால் அவர் செய்தது புதிதாக ஒன்றும் இல்லை. 2006ஆம் ஆண்டுச் சட்டம் இந்த நாட்டில் இருக்கிறது. 18 வயது நிரம்பாதவர்களுக்குப் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது. பள்ளிக்கூட வளாகத்திலும் அதிலிருந்து 100 அடிக்குள்ளும் விற்கக் கூடாது. சிகரெட்டை உதிரியாக விற்கவே கூடாது, 20க்குக் குறைவான பாக்கெட்டும் கூடாது. எழுத்தில் இருக்கிறது. தெருவில் தம்ளரில் நிற்கிறது சிகரெட். பெரியம்மாவுக்கு இந்தச் சட்டம் தெரியாது. நான் சொன்னபோது, “அப்படியா, அப்ப நான் சரியாத்தான் செஞ்சிருக்கேன்” என்றார்.

நான் அச்சகத்தில் வேலை பார்ப்பவன். அதனால் உதிரி விற்பனையில் இன்னொன்று என் கண்ணில் படுகிறது. 2016 செப்டம்பர் 1 முதல் சிகரெட் பாக்கெட்டின் பரப்பில் 75 விழுக்காடு எச்சரிக்கைப் படம் அச்சிட வேண்டும் என்பது இங்கே விதி. அழுகிய வாய், கறுத்த நுரையீரல் என்று முக்கால் பெட்டிக்குப் படம். அந்தப் படங்களைப் பார்த்தால் பெரியவர்களுக்கே வயிற்றைப் புரட்டும். அத்தனை மையும் அட்டையும் செலவழித்து அச்சிட்ட படத்தை உதிரி வாங்குகிற பிள்ளை பார்ப்பதே இல்லை. பாக்கெட் கடைக்காரரின் பெட்டிக்குள் கிடக்கிறது. பிள்ளையின் கைக்கு வருவது ஒரு வெள்ளைக் குச்சி மட்டும். என் மகனிடம் கேட்டேன், அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறாயா என்று. குப்பையில் பார்த்திருக்கிறேன் என்றான்.

அதோடு, ஒரு பாக்கெட்டின் விலை பள்ளிக்கூடப் பிள்ளையின் கையில் சேராது. சேர்ந்தாலும் 20 குச்சியை ஒளித்து வைக்க இடம் வேண்டும். வீட்டில் பை இருக்கிறது, பையைத் துழாவுகிற அம்மா இருக்கிறாள். ஒரு குச்சி என்றால் அது எதுவுமே தேவையில்லை, வாங்கிய இடத்திலேயே புகையாகிவிடும். ஒன்று ஒன்றாக விற்கிற வரைக்கும் பிள்ளைகள் தொடங்குவார்கள் என்பது என் திடமான எண்ணம். வீட்டில் எவ்வளவு கண்டித்தாலும் சரி.

பெரியம்மா செய்த இரண்டாவது காரியம் அந்த பெஞ்சு. நான் என் மகன் கதையைச் சொன்னபோது மற்ற எதையும்விட அந்த முக்கால் மணி நேரம்தான் அவர் மனதில் நின்றிருக்கிறது. “நிக்க எடம் இல்லாமதானே அந்தச் சந்துக்குப் போனான்?” என்றார். அடுத்த வாரம் வாசலில் பெஞ்சு. பழைய கட்டில் சட்டத்தை அறுத்துச் செய்தது, ஒரு கால் கொஞ்சம் குட்டை, கீழே செங்கல் சில்லு வைத்திருக்கிறார். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்குப் பட்டாணி அவித்து வெங்காயம் தூவி, இலைத் துண்டில் வைத்துத் தருகிறார். விலை அந்த உதிரி சிகரெட்டின் விலைதான், 200 கியாட். வாங்காவிட்டாலும் உட்காரலாம், விரட்ட மாட்டார். மழை நாளில் ஏழெட்டுப் பிள்ளைகள் அந்தத் தகரக் கூரைக்குக் கீழே ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். போன் பார்ப்பார்கள், சத்தம் போடுவார்கள், காசு எண்ணும்போது கணக்கைத் தப்பவிடுகிறார்கள் என்று அக்கா அதட்டுவார். தமிழ்ப் பிள்ளை, பர்மாப் பிள்ளை, பாய் வீட்டுப் பிள்ளை எல்லாம் கலந்துதான். அந்தப் பத்தாம் வகுப்புப் பையன்களில் இரண்டு பேர்கூட வந்து உட்காருவதைப் பார்த்தேன். மற்ற இரண்டு பேர் இன்னும் சந்தில்தான் நிற்கிறார்கள்.

குறையையும் சொல்ல வேண்டும். பெரியவர்களுக்குப் பாக்கெட் இன்னும் விற்கிறார். அதையும் நிறுத்திவிடுங்கள் அக்கா என்று நான் இரண்டு முறை கேட்டுவிட்டேன். “வாடகை யாரு தம்பி குடுப்பா” என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனாலும் எனக்கு அது உறுத்தத்தான் செய்கிறது. பாக்கெட்டுகளைக் கண்ணில் படாதபடி மேல் தட்டில் ஊறுகாய்க்குப் பின்னால் வைத்திருக்கிறார், முன்பு கல்லாவுக்குப் பக்கத்தில் பிள்ளைகள் பார்வைக்கு நேரே இருந்தது. அந்த மாற்றம் நான் சொல்லிச் செய்தது. விலை பெரிய சந்தையைவிட எல்லாப் பொருளிலும் கொஞ்சம் கூடுதல். கடன் நோட்டு உண்டு, ஆனால் மாதக் கடைசியில் கறாராக இருப்பார். மின்சாரம் இல்லாத ராத்திரிகளில் பேட்டரி விளக்கில் தராசு முள் சரியாகத் தெரியாது, நிறுவை வாங்குவதானால் பகலில் போங்கள்.

நான் விட்டு எட்டு மாதம் ஆகிறது. 13 வயதில் தொட்டு 47 வயதில் விட்டிருக்கிறேன். முதல் மூன்று வாரம் கை நடுங்கியது, அச்சகத்தில் இரண்டு பிளேட்டைக் கெடுத்தேன், வீட்டில் எல்லார் மேலும் எரிந்து விழுந்தேன். சாப்பிட்டபின் கால் தானாகத் தெருமுனைக்கு நடக்கும். அங்கே போனால் அக்கா ஒரு கொத்துக் கிராம்பைக் கையில் வைத்து, மெல்லு என்பார். காசு வாங்க மாட்டார். பையனும் விட்டுவிட்டேன் என்கிறான். இரண்டு மாதம்தான் பழகியிருந்தான், அதனால் எனக்கு வந்த நடுக்கம் அவனுக்கு வரவில்லை. ஆனால் இரண்டு முறை தானாகவே வந்து சொன்னான், “இன்னிக்கு வேணும் போல இருந்துச்சுப்பா” என்று. வாயை மோந்து பார்ப்பதில்லை என்று அவனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதைக் காப்பாற்றுகிறேன். அவன் வந்து சொல்கிற வரை போதும்.

இப்போதும் ராத்திரி அவனைக் கடைக்கு அனுப்புகிறேன், மறுநாள் மாவுக்கு உளுந்து வாங்க. மீதிச் சில்லறை இல்லாவிட்டால் அக்கா மிட்டாயாகத் தந்துவிடுவார், எல்லாக் கடையிலும் உள்ள பழக்கம்தான். முன்பு புதினா மிட்டாய் தருவார். இப்போது புளி மிட்டாய். ஏன் என்று நான் கேட்கவில்லை.

கடை காலை ஆறிலிருந்து ஒரு மணி வரை, அப்புறம் மூன்றரையிலிருந்து இரவு எட்டரை வரை. பௌர்ணமி நாட்களில் சாயங்காலம்தான் திறப்பார். உளுந்து மூட்டை புதன்கிழமை வரும், வியாழன் காலை போனால் புடைத்தது கிடைக்கும். சில்லறை கொண்டு போங்கள். பிள்ளைகளை அனுப்புவதானால் தைரியமாக அனுப்பலாம்.